வெறுமனே திரும்பாத பாக்கெட்டுகள்

விருதுநகரில் பருத்திப்பால் காய்ச்சி விற்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கலாம். ஆனால் அதைக் காயவைத்துப் பொடியாக்கி, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்து, வெந்நீரில் கரைத்தால் தள்ளுவண்டிப் பருத்திப்பாலேதான் என்று நாக்கு சத்தியம் செய்யும்படி ஆக்கிவைத்தவள் ஜெயக்கொடி ஒருத்திதான். அந்தப் பொடியைக் கண்டுபிடிக்க அவள் பட்ட பாடு ஒரு பங்கு என்றால், அதைப் போட்டுக் கொடுக்க ஒரு பையைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு ஒன்பது பங்கு. அதிலும் பெரும்பங்கு பைகள் வந்து சேர்ந்த பிறகு பட்டது.

அதற்கு முன் பல வருஷமாக அவள் இட்லிப் பொடியும் ரசப் பொடியும் அரைத்து மூட்டையாக ஒரு கம்பெனிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்பெனி அதைத் தன் பையில் போட்டு, தன் பெயரைப் போட்டு, சமையல்கட்டுப் பக்கமே போயிராத ஒரு பெண் சிரிக்கிற படத்தையும் போட்டு விற்றது. விசேஷ வீட்டில் யாராவது ரசத்தை உறிஞ்சிவிட்டு இது எந்தப் பொடி என்று கேட்டால் கம்பெனி பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் அரைத்த பொடி என்று அவள் சொன்னபோது பந்தியே சிரித்தது. அதனால் பருத்திப்பால் பொடி விஷயத்தில் அவள் ஒன்றே ஒன்றில் உறுதியாக இருந்தாள். பையின் மேல் தன் பெயர் இருக்க வேண்டும், பொடி எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊருக்கு ஜெயக்கொடி என்ற பெயரும் கூடவே போக வேண்டும். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

மதுரையில் பிளாஸ்டிக் பை அடிக்கிற ஒருவர் லாரி லோடுக்குக் குறைந்து தொடுவதே இல்லை என்றார். ஒரு லாரிப் பையை உள்ளே வைக்க வேண்டுமானால் ஜெயக்கொடியும் அவள் புருஷன் பூமிராஜும் சட்டிபானையோடு தெருவில் குடியிருக்க வேண்டும். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மாதிரிப் பை அனுப்புகிறேன் என்றார், அனுப்பிவிட்டேன் என்றார், வந்துவிட்டதா என்று அவளையே கேட்டார், வரவில்லை என்றதும் வந்திருக்காது, இன்னும் அனுப்பவில்லையே என்றார். சிவகாசிக்காரர் மட்டும்தான் கொஞ்சமாக அடித்துத் தர ஒப்புக்கொண்டார், ஆனால் அவருக்கு வருஷம் முழுக்க ஏதாவது ஒரு சீசன், காலண்டர் சீசன் முடிந்தால் டைரி சீசன், டைரி முடிந்தால் கல்யாணப் பத்திரிகை, அது முடிந்தால் தேர்தல் நோட்டீஸ், எப்போது போன் போட்டாலும் “அடுத்தது ஒங்களுதுதாங்க்கா” என்பார். அடுத்தது என்பது எதற்கு அடுத்தது என்று மட்டும் அவர் சொன்னதில்லை.

ஜெயக்கொடி கடைசியில் பூமிராஜின் லோடு ஆட்டோவில் ஏறி நேரே சிவகாசிக்கே போய், அவருடைய அச்சாபீஸில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“பேரு எந்த மாடல்லக்கா போடணும்?” என்றார் அவர், வேறு வழியில்லாமல்.

“ஏனம் பாத்திரத்துல பேரு வெட்டியிருக்கும்ல, புள்ளி புள்ளியா. அந்த மாதிரி.”

“அது எவர்சில்வர்ல போடுறதுக்கா. பாக்கெட்டுல யாரும் போட மாட்டாங்க.”

“யாரும் போட வேணாம். நீங்க போடுங்க.”

போட்டார். மஞ்சள் பையில் அரக்குச் சிவப்பில், பாத்திரக்கடையில் ஊசியால் வெட்டியது போல, புள்ளி புள்ளியாக ஜெயக்கொடி. பொடியை நிறைத்து, வாயை ஒட்டி, பூமிராஜ் ஆட்டோவில் ஏற்றிச் சாத்தூரிலும் அருப்புக்கோட்டையிலும் திருமங்கலத்திலும் கடை கடையாகப் போட்டுவிட்டு வந்தான். நன்றாகவே விற்றது. அந்த ஒரு வாரம்தான் ஜெயக்கொடி நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவள், படியில் தன்னுடைய பாக்கெட் ஒன்று நிற்பதைப் பார்த்தாள். வாய் கிழித்த பாக்கெட். கிழிந்த வாயைத் தானே நாலாக மடித்துக்கொண்டு, நடந்து வந்த களைப்பு தெரிய, நிலைப்படியில் சாய்ந்து நின்றது. உள்ளே ஒரு கரண்டி சீனி. யாரோ குப்பையைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று தெருவைப் பொதுவாக நாலு வார்த்தை திட்டிவிட்டு உள்ளே போனாள். மறுநாள் படி நிறையப் பாக்கெட்டுகள். ஒன்றில் ஒரு பிடி உளுந்து, ஒன்றில் எலுமிச்சம்பழம், ஒன்றில் வாடிய கறிவேப்பிலை, ஒன்றில் இரண்டு வெற்றிலையும் ஒரு கொட்டைப்பாக்கும்.

அரைப்பு வேலைக்கு வந்த அவள் நாத்தனார் வேல்மணி, செருப்பைக் கழற்றிவிட்டுப் பாக்கெட்டுகளைத் தாண்டி உள்ளே வந்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“பேரு வெட்டுன ஏனம் பேரு உள்ள வீட்டுக்குத்தான மதினி வரும்? வெறும் ஏனமாத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு ஏதோ ரெண்டு போட்டுக் கொண்டாந்திருக்கு.”

“இது ஏனமா வேலு? பிளாஸ்டிக் பை.”

“அது அதுக்குத் தெரியணும்ல” என்றாள் வேல்மணி, எலுமிச்சம்பழத்தை எடுத்து மோந்து பார்த்தபடி.

பத்து மணிக்குச் சாத்தூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். பாக்கெட்டில் போட்டிருந்த நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறேன், உங்கள் பாக்கெட் எங்கள் வீட்டுச் சீனியை எடுத்துக்கொண்டு போய்விட்டது என்றாள்.

“எவ்வளவு சீனிங்க போச்சு?” என்றாள் ஜெயக்கொடி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஒரு கரண்டிதான். சீனி போனாப் போகுதுங்க. கேக்காம எடுத்துட்டுப் போகலாமா? கேட்டிருந்தா நானே நெறையப் போட்டு அனுப்பியிருப்பேன்ல. இப்ப ஒரே ஒரு கரண்டி போட்டு அனுப்புனான்னு என்னயப் பத்தி என்ன நெனைப்பீங்க?”

ஜெயக்கொடி, நான் ஒன்றும் நினைக்கவில்லை என்றாள். அந்தப் பெண் நம்பவில்லை.

பாக்கெட்டுகள் எப்படி வருகின்றன என்பது சீக்கிரமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர்ப் பாக்கெட்டுகள் ரோட்டின் இடது ஓரமாக, லாரி வந்தால் ஒதுங்கி நின்று, போனதும் நகர்ந்து வந்தன. தூரத்துப் பாக்கெட்டுகள் பஸ் படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வந்தன. அருப்புக்கோட்டைப் பஸ் கண்டக்டர் ஸ்டாப் வந்ததும் குனிந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் விசில் கொடுத்தார். டிக்கெட் கேட்கவில்லை, பெரியவர்கள் துணை இல்லாமல் வருகிறதே என்று மட்டும் ஒரு தடவை வருத்தப்பட்டார். மழை நாளில் நனைந்து வந்த பாக்கெட்டுகளை மளிகைக்கடைக்காரர் தன் தாழ்வாரத்தில் நிற்கவைத்து, மழை விட்டதும் வழி சொல்லி அனுப்பினார்.

ஊருக்கு இது பழகுவதற்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜெயக்கொடிக்குத்தான் பழகவே இல்லை. தெருக்காரர்கள் காலையில் காபி டம்ளரோடு வந்து அவள் வாசலில் நின்று, எந்த வீட்டுப் பாக்கெட்டில் என்ன வந்திருக்கிறது என்று பார்த்து, முந்திரிப்பருப்பு போட்டு அனுப்பிய வீட்டில் பெண் எடுக்கலாம் என்றும், புளியங்கொட்டை போட்டு அனுப்பிய வீட்டில் மாமியார் கை ஓங்கியிருக்கிறது என்றும் முடிவு கட்டினார்கள். உப்புக் கல் மட்டும் வந்த பாக்கெட்டைப் பார்த்தால் யாரும் ஒன்றும் பேசுவதில்லை. அந்த ஊர்க் கடைக்கு அடுத்த தடவை போகிறபோது ஒரு படி அரிசியைக் கொடுத்துவிட்டு வா என்று பூமிராஜிடம் சொல்லிவிட்டுக் கலைந்துபோனார்கள். ஒரே ஒரு தடவை திருமங்கலத்திலிருந்து ஒரு பாக்கெட் வெறுமனே வந்தது. அன்றைக்குத் தெருவே சாப்பிடாமல் அதைப் பற்றிப் பேசியது. மறுநாள் அந்த வீட்டுக்காரர் பஸ் ஏறி வந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டு, வீட்டில் எல்லோரும் வெளியூர் போயிருந்தோம், அலமாரி பூட்டியிருந்தது, அதற்கு எட்டவில்லை என்று எல்லோர் முன்னாலும் விளக்கம் சொன்னார்.

பிறகு தங்கபுஷ்பம் என்று பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி, ஓசூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு பாக்கெட் அனுப்பினாள். மகளுக்குப் பருத்திப்பால் பிடிக்காது. பாக்கெட் திரும்பி வருகிறபோது மகள் வீட்டிலிருந்து ஏதாவது வருமே என்பதற்காக அனுப்பினாள். வந்தது, பேரப்பிள்ளையின் பழைய சட்டைப் பொத்தான் ஒன்று. தங்கபுஷ்பம் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அன்றிலிருந்து மகனையோ மகளையோ வெளியூரில் வைத்திருக்கிற ஆட்கள் எல்லாம் பொடி வாங்க வந்தார்கள், அதாவது பாக்கெட் வாங்க வந்தார்கள். விடிந்தால் ஜெயக்கொடி வீட்டு வாசலில் கூட்டம். இது என் மகன் போட்ட கடலை, இல்லை என் மகன் போட்டது என்று சண்டை. தீர்த்துவைக்க அவளைத்தான் கூப்பிட்டார்கள். அரைக்க நேரமில்லை, வறுக்க நேரமில்லை, குளிக்க நேரமில்லை.

“நான் பொடி விக்கேனா, தபாலாபீஸ் நடத்துறேனா?” என்று அவள் பூமிராஜிடம் கத்தினாள்.

“ரெண்டும் நல்லாத்தான போகுது” என்றான் அவன். அவனுக்கு அன்று மதியச் சாப்பாடு லேட்டாகத்தான் வந்தது.

ஆனால் ஒன்று நன்றாகப் போகவில்லை. மதுரையில் கிளை கிளையாக இருக்கிற ஒரு பெரிய கடை, அவள் பொடியை ஒரு அலமாரித் தட்டில் வைத்துப் பார்க்க ஒத்துக்கொண்டிருந்தது. அந்தத் தட்டில் நிலைத்துவிட்டால் பிறகு கம்பெனிக்கு இன்னமும் மூட்டை கட்டிக் கொடுக்கிற வேலையைத் தலைமுழுகிவிடலாம், பெயர் தமிழ்நாடு முழுக்கப் போகும். அங்கே பொருள் எடுக்கிற மேனேஜர் பிரகதீஷ் என்று ஒரு இளைஞன் போன் செய்தான். வாடிக்கையாளர்கள் புகார் சொல்கிறார்கள் மேடம், ஒருவர் வீட்டில் குங்குமப்பூ டப்பாவே போயிருக்கிறது, பாக்கெட் திரும்பி வராமல் பார்த்துக்கொண்டால் மட்டும் மேற்கொண்டு பேசலாம் என்றான்.

அதிலிருந்து பை தேடும் படலம் மறுபடி தொடங்கியது. பிளாஸ்டிக் வேண்டாம் என்று காகிதப் பை வாங்கினாள். அது நனைந்து கிழிந்து, கிழிசல் வழியாக ரவை சிந்தச் சிந்த, தான் வந்த தடத்தை ரோடெல்லாம் வரைந்துகொண்டு வந்து சேர்ந்தது. தகர டப்பா அடிக்கிறவரைப் பிடித்தாள். அவர் கொடுத்த டப்பாக்கள் தார் ரோட்டில் உருண்டு வந்த சத்தத்தில் தெரு நாய்கள் எல்லாம் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தன. கண்ணாடி பாட்டில்காரர் அனுப்பியதில் பாதி உடைந்திருந்தது, உடைந்ததற்கு நான் பொறுப்பில்லை என்றார், உடையாமல் போன பாட்டில்கள் திரும்புகிற வழியில் உடைந்து, ஊறுகாயும் தாங்களுமாக முனகிக்கொண்டு வந்து நின்றபோது அவற்றுக்கும் நான் பொறுப்பில்லை என்றார். எழுத்தை மாற்றிப் பார்த்தாள், புள்ளியை எடுத்துவிட்டுக் கொட்டை எழுத்தில் போட்டாள், கோணல் எழுத்தில் போட்டாள். எப்படிப் போட்டாலும் பெயரைப் படித்துக்கொண்டு வந்துவிட்டன. ஒவ்வொரு வியாபாரிக்கும் போன் போட்டு, திரும்பி வராத பை இருக்கிறதா என்று கேட்டாள். எங்களிடம் வாங்கியது எதுவும் எங்களுக்குத் திரும்பி வந்ததே இல்லைங்க என்று எல்லோரும் பெருமையாகச் சொன்னார்கள்.

இந்த நேரத்தில்தான் சிவகாசிக்காரர் ஒரு கட்டுப் பையில் பெயர் விழாமல் அனுப்பிவிட்டார். சிவப்பு மை தீர்ந்துபோனதை மிஷின்காரர் கவனிக்கவில்லையாம். மஞ்சள் பை, கோப்பைப் படம், மற்ற எல்லாம் இருந்தது, ஜெயக்கொடி மட்டும் இல்லை. திருப்பி அனுப்பிச் சண்டை போடத் தெம்பில்லாமல் அதிலேயே பொடியைப் போட்டு மதுரைக்கு அனுப்பினாள். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. போன இடத்தில், மற்ற எல்லாப் பைகளையும் போல, குப்பைத்தொட்டியில் ஒழுங்காகக் கிடந்தன.

பிரகதீஷுக்கு ஒரே சந்தோஷம். நேரில் வரச்சொன்னான். ஜெயக்கொடி நல்ல சேலை கட்டிக்கொண்டு போனாள். குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, அவள் முன்னால் ஒரு பையை வைத்தான். பளபளவென்று நிற்கிற பை, ஜிப் வைத்தது, ஆறு மாதமாக அவள் எந்த வியாபாரியிடம் கேட்டும் கிடைக்காத பை. அதில் கடையின் பெயர் இருந்தது.

“பை தேடுற கவலையே இனி ஒங்களுக்கு வேணாம் மேடம். எங்க பையே வந்துரும். நீங்க பொடி மட்டும் மூட்டையாக் குடுத்தாப் போதும். எல்லாக் கிளையிலயும் வெச்சிடலாம். பேரு ஒண்ணுதான் மாறுது. சின்ன விஷயம்.”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினான். ஜெயக்கொடி பேனாவைக் கையில் எடுத்தாள். அவளுக்குத் தன் வீட்டு அடுப்படி ஞாபகம் வந்தது. குடத்தில் அவள் அப்பா பெயர், சருவச்சட்டியில் மாமியார் பெயர், தட்டுகளில் கல்யாணத்துக்கு மொய் வைத்தவர்கள் பெயர், பெரிய தூக்குவாளியில் ஏதோ நகைச்சீட்டுக்காரன் பெயர், குளிக்கிற சொம்பில்கூடப் பூமிராஜின் தாத்தா பெயர். அத்தனை ஏனத்தையும் இருபது வருஷமாகத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தவள் அவள், எதிலும் அவள் பெயர் கிடையாது. அவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட அதிகமாக எரிச்சல் வந்தது.

“சார், ஒங்க வீட்டு ஏனத்துல யாரு பேரு இருக்கு?”

அவன் யோசித்தான். “அம்மா பேரு. சீரா வந்த பாத்திரம்.”

“சின்ன விஷயந்தான, அதச் சொரண்டி எடுத்துருங்களேன்.”

அவள் பேனாவை மூடி அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். “மூட்டையாக் குடுக்குற வேலைய ஏற்கனவே பாத்துட்டேன் சார். அதுக்குத் திரும்ப மதுர வரைக்கும் வரணும்னு இல்ல.” எழுந்து வந்துவிட்டாள்.

கீழே ஆட்டோவில் பூமிராஜ் காத்திருந்தான். பேரை எடுக்கச் சொன்னார்களா என்று கேட்டான். ஆமாம் என்றாள். எடுத்துவிட்டாயா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் வண்டியைக் கிளப்பித் திருமங்கலம் தாண்டினான். ரோட்டின் இடது ஓரமாக, அவளுடைய பழைய மஞ்சள் பாக்கெட்டுகள் நாலைந்து வரிசையாக விருதுநகரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் வந்தது நைந்துபோய், உள்ளே இருந்த வெல்லக்கட்டியைச் சுமக்க முடியாமல் நின்று நின்று போனது. ஜெயக்கொடி ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, இறங்கி, எல்லாவற்றையும் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். கிழிசல், ஓட்டை, மடிப்பெல்லாம் வெடிப்பு. ஒரு தடவைக்கு மேல் எதற்கும் ஆகாத பை, என்னமாய்ப் பாடுபட்டுக்கொண்டு வருகிறது.

“அப்ப இனி எதுலதான் போட்டுக் குடுப்ப?” என்றான் பூமிராஜ்.

“எதுல போட்டாலும் வரத்தான போகுது?”

“வரும்.”

“அப்ப வர்றதுக்குத் தோதானதுலயே போட்டா என்ன? ஆறு மாசமா ஊர் ஊராப் போயி வராத பையத் தேடிருக்கேன். நீங்களாவது சொல்லக்கூடாதா? கூடவே வண்டி ஓட்டிக்கிட்டு வந்தீங்கல்ல?”

பூமிராஜ் விருதுநகர் வந்ததும் பாத்திரக்கடை இருக்கிற பஜாரில் வண்டியைத் திருப்பினான்.

மூடி வைத்த எவர்சில்வர் டப்பா, ஒரு கை பிடிக்கிற அளவு, கடைக்காரர் இருக்கிற அத்தனையையும் இறக்கிக் குவித்தார். எத்தனை கேட்டாலும் தருகிறேன், ஒன்று கேட்டாலும் தருகிறேன் என்றார். ஆறு மாதத்தில் ஒரு வியாபாரி வாயிலிருந்து அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அதுதான். பெயர் வெட்டுகிறவர் வாசலோரம் உட்கார்ந்து மின் ஊசியைச் சொருகி, முதல் டப்பாவை முழங்காலில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சிவகாசிக்காரர் போன் அடித்தார். அக்கா, சீசன் முடிஞ்சிருச்சு, ஒங்களுது மிஷின்ல ஏத்திரலாமா என்றார். இறக்கிருங்க என்று வைத்துவிட்டாள்.

“பேரு சொல்லுங்கக்கா” என்றார் ஊசிக்காரர்.

“ஜெயக்கொடி.”

“இனிஷியல்? இந்த அண்ணன் பேரா, அப்பா பேரா?”

ஜெயக்கொடி பூமிராஜைப் பார்த்தாள். அவன் பஜாரைப் பார்த்தான்.

“இனிஷியல் வேணாம்.”

“இனிஷியல் இல்லாட்டி எந்த வீட்டு ஏனம்னு எப்படிக்கா தெரியும்? ஊர்ல எத்தன ஜெயக்கொடி இருக்காங்களோ.”

“அது கண்டுபிடிச்சு வந்துரும்” என்றாள் அவள். “நீங்க ஆழமா வெட்டுங்க.”